அசல் ஜப்பான் தேடிப் புறப்படுவோருக்கு

மார்ச் கடைசியில் செர்ரிப் பூ பார்க்கப் பெட்டி கட்டும் அன்பர்களுக்கு,

உங்கள் பயணத் திட்டத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். டோக்கியோவில் இரண்டு நாள், ஃபுஜி மலைக்கு ஒரு நாள், புல்லட் ரயிலில் கியோட்டோ, அங்கே வாடகைக் கிமோனோவில் புகைப்படம், அரைமணி நேரத் தேநீர்ச் சடங்கு, நாராவில் மான்களுக்குப் பிஸ்கட், ஒசாகாவில் பை நிறையச் சாமான், அப்புறம் விமானம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பூவும் மலையும் மானும் பார்க்க வேண்டியவைதாம். திட்டத்தின் தலைப்பில் ‘அசல் ஜப்பான்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அந்த ‘அசல்’ என்ற சொல்லோடுதான் இந்த மடலுக்குச் சண்டை. உங்களிடம் கேட்பது ஒரு சாயங்காலம். முடிந்தால் ஒரு காலைப்பொழுதும்.

ஷிபுயா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், உலகமே வந்து படம் பிடிக்கும் அந்தப் பெரிய சாலைச் சந்திப்பு. நீங்களும் பிடியுங்கள். பிறகு அதைக் கடந்து டோகென்ஸாகா மேட்டில் ஏறி, மணிக்கணக்கில் அறை விடும் காதலர் விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துக்குள் திரும்பினால், பழைய ஐரோப்பியக் கல் மாளிகை போல் முகப்பு வைத்த ஒரு காபிக் கடை இருக்கும். பெயர் லயன். 1926-இல் தொடங்கியது. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோய், 1950-இல் பழைய அமைப்பின்படியே மறுபடி எழுந்தது. உள்ளே நாற்காலிகள் எல்லாம் வகுப்பறை மாதிரி ஒரே திசை பார்த்துக் கிடக்கும். கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு மரத்தாலான ஒலிபெருக்கி. பாக், பீத்தோவன் என்று மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டு சுழலும். காபி வரும், சாப்பாடு கிடையாது. படம் எடுக்கக் கூடாது. வாயைத் திறந்து பேசவும் கூடாது.

கடைக்குப் பெயர் ஆங்கிலத்தில். இசை ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கொடுத்தது. காபி எத்தியோப்பியாவில் பிறந்து உலகம் சுற்றி வந்தது. அங்கே கைவைத்த பொருள் எதுவும் ஜப்பானில் முளைத்ததில்லை. ஆனாலும் இப்படி ஒரு கடையை ஜப்பானுக்கு வெளியே காண்பது அரிது. இரவல் வாங்கிய இசைக்கு முன்னால் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த உட்காரலுக்குத்தான் ஜப்பான் என்று பெயர். அசல் அங்கேதான் இருக்கிறது என்று இந்த மடல் அடித்துச் சொல்கிறது.

இந்த வகைக் கடைக்கு ‘கிஸ்ஸாதென்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘தேநீர் குடிக்கும் கடை’. உள்ளே போனால் காபிதான். லயன் செவ்வியல் இசைக்கு என்றால், ஜாஸுக்கென்றே ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்று ஒரு தனிச் சாதி உண்டு. அதன் கதை கொஞ்சம் நீளம். சொல்லாமல் விட மனமில்லை.

யோகொஹாமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் நோகே என்ற பகுதியில், 1933-இல் யோஷிதா மமோரு என்ற இருபது வயது இளைஞர் ‘சிகுஸா’ என்ற கடையைத் திறந்தார். கப்பல்கள் வரும் ஊர். கப்பலோடு இசைத்தட்டுகளும் வந்தன. பத்து ஆண்டில் காலம் மாறிவிட்டது. 1943-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் இசையை எதிரி இசை என்று சொல்லி ஏறத்தாழ 1000 பாட்டுகளுக்கு அரசு தடை போட்டது. தட்டுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1945 மே மாதம், யோகொஹாமா மீது அமெரிக்க விமானங்கள் நெருப்பைக் கொட்டின. கடையும், ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த தட்டுகளும் சாம்பலாயின. ஜாஸைக் கொடுத்த நாட்டின் குண்டிலேயே ஜாஸ் தட்டு எரிந்தது. போர் முடிந்ததும் அதே நாட்டின் சிப்பாய்கள் தங்களிடமிருந்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர் அகியோஷி தொஷிகோவும், சாக்ஸஃபோன் கலைஞர் வதனபே சதாவோவும் இளம் வயதில் சிகுஸாவில் உட்கார்ந்து காதால் கேட்டே பாடம் படித்தவர்கள். அகியோஷி 1953-இல் ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன் கண்ணில் பட்டு, 1956-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப் பள்ளிக்குப் படிக்கப் போனார்.

ஏன் கடையில் போய்க் கேட்க வேண்டும், வீட்டில் கேட்டால் என்ன என்று தோன்றும். விலைதான் காரணம். 1950-களிலும் 60-களிலும் வெளிநாட்டு எல்பி ஒன்றின் விலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டைக் கடித்துவிடும். நல்ல ஒலிபெருக்கி கனவிலும் கிடையாது. டோக்கியோ வீடுகளின் சுவர் காகிதம் மாதிரி. சத்தம் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஒரு காபிக்குக் காசு கொடுத்தால் கடைக்காரரின் தட்டும் ஒலிபெருக்கியும் மூன்று மணி நேரம் நம்முடையது. மாணவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். 1961 ஜனவரியில் ஆர்ட் பிளேக்கியின் குழு ஜப்பானுக்கு வந்து வாசித்தபோது நாடே ஜாஸ் பித்துப் பிடித்து அலைந்தது. நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கூட அந்தக் குழுவின் ‘மோனின்’ மெட்டைச் சீட்டியடித்தபடி சைக்கிள் மிதித்தான் என்று ஒரு கதை இன்றும் சொல்வார்கள். கதைதான், ஆனால் அந்தக் காலத்தின் சூட்டைக் காட்டும் கதை.

கட்டுப்பாடும் கூடவே வந்தது. பல கடைகளில் பேசினால் உரிமையாளர் முறைப்பார். நேயர் விருப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்; அவருக்குப் பிடிக்காத தட்டாக இருந்தால் அந்தச் சீட்டு மேசையிலேயே கிடக்கும். தட்டின் ஒரு பக்கம் முழுதாக ஓடி முடிந்தால்தான் அடுத்தது. நம்மூர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் பெருமக்களை அங்கே உட்கார வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முரகாமி ஹருகியைத் தமிழில் படித்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் அவரும் இந்தத் தொழில் பார்த்தவர். 1974-இல் கொகுபுன்ஜியில் மனைவியோடு சேர்ந்து ‘பீட்டர் கேட்’ என்ற ஜாஸ் கடையை நடத்தினார். 1977-இல் அதை செந்தகாயாவுக்கு மாற்றினார். பகலில் காபி, இரவில் மது. கடையை மூடிவிட்டு வந்து சமையல் மேசையில் உட்கார்ந்து முதல் நாவலை எழுதினார். 1979-இல் அது பரிசு வாங்கியது. டோக்கியோவின் யோத்ஸுயாவில் 1967 முதல் இருக்கும் ‘ஈகிள்’ கடையையும் சொல்லலாம். வடக்கே இவாதே மாகாணத்தின் இச்சினொசெக்கி ஊரில், சுகவாரா ஷோஜி 1970-இல் திறந்த ‘பேஸி’ கடை வேறு ரகம். மண் சுவர் வைத்த பழைய களஞ்சியம் ஒன்றில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து, ஆண்டுக்கணக்கில் திருகி, நகர்த்தி, செப்பனிட்டு, மேடையில் ஆள் நின்று வாசிப்பதுபோல் ஒலியைக் கொண்டுவந்தார். கடைக்குப் பெயர் கொடுத்த ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியே நேரில் வந்து பார்த்திருக்கிறார். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாசித்ததைச் சரியாக ஒலிக்க வைப்பதிலேயே செலவழிப்பதைக் கலை என்று சொல்லலாமா? ஜப்பானில் சொல்கிறார்கள்.

காபிக்கு வருவோம். கின்ஸாவில் ‘கஃபே த லாம்ப்ர்’ என்ற கடையை செகிகுச்சி இச்சிரோ 1948-இல் தொடங்கினார். காபி தவிர வேறெதுவும் அங்கே கிடையாது. சில கொட்டைகளை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழசாக்கி வறுப்பார். 2018-இல் இறந்தபோது அவருக்கு வயது 103. இந்த மாதிரிக் கடைகளில் துணி வடிகட்டியில் காபி இறக்குவார்கள். ‘நெல் டிரிப்’ என்று பெயர். ஃபிளானல் என்பதன் வால் பகுதிதான் இந்த ‘நெல்’. நம் நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெந்நீரை நூல் போல் மெல்ல ஊற்ற, டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். கும்பகோணத்துக்காரர் பார்த்தால் இது என்ன பெரிய அதிசயம் என்பார். பாலைக் கேட்டால்தான் பிரச்சினை. நேரமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு: யுசிசி நிறுவனம் 1969-இல் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்த பால் காபி. தானியங்கி விற்பனைப் பெட்டியில் காசு போட்டால் குளிர்காலத்தில் சூடாகவே வந்து விழும். சுவை சுமார்தான். ஆனால் பனிக் காற்றில் ரயிலுக்கு நிற்கும்போது கைகளைச் சூடேற்றிக்கொள்ள அதைவிட நல்ல சாதனம் கிடையாது.

இந்த மடல் கேட்ட காலைப்பொழுது எதற்கென்றால், நகோயா வழியாகப் போகிறவர்கள் அங்கே இறங்கிக் காபி கேட்டுப் பாருங்கள். காலை வேளையில் காபி விலைக்கே ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுப்பார்கள். சில கடைகளில் ரொட்டி மேல் இனிப்புப் பயறு விழுது தடவியிருக்கும். ரொட்டியை ஜப்பானியர் ‘பான்’ என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். பயறு விழுது உள்ளூர்ச் சரக்கு. இரண்டையும் முதலில் சேர்த்து வைத்தவர் டோக்கியோவின் கிமுரா யசுபே. 1874-இல் அவர் சுட்ட ‘அன்பான்’ ரொட்டியில், ஐரோப்பிய ஈஸ்ட்டுக்குப் பதிலாகச் சாக்கே மது காய்ச்சும் நொதியத்தைப் போட்டு மாவைப் பொங்க வைத்தார். மறு ஆண்டே அது பேரரசரின் தட்டுக்குப் போனது. அவருடைய கிமுராயா கடை கின்ஸாவில் இன்றும் இருக்கிறது.

மது என்றதும் குழுவில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவீர்கள். மீதிப் பேர் இந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்குச் சாப்பாடு பின்னால் வருகிறது.

ஜப்பானிய விஸ்கியின் கதையைச் சினிமாவாக எடுக்கலாம். தொலைக்காட்சித் தொடராக எடுத்தேவிட்டார்கள். ஹிரோஷிமா பக்கம் சாக்கே காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த தகெத்ஸுரு மசதாகா, 1918-இல் ஸ்காட்லாந்துக்குப் போய் கிளாஸ்கோவில் வேதியியல் படித்தார். வடிசாலைகளில் வேலை செய்து, பார்த்ததையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ரீட்டா கவன் என்ற ஸ்காட்டியப் பெண்ணை 1920-இல் மணந்து ஊர் திரும்பினார். இந்தப் பக்கம் தோரீ ஷின்ஜிரோ என்ற வியாபாரி இனிப்பு ஒயின் விற்றுப் பணம் பார்த்தவர். அவர் 1923-இல் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, மூன்று ஆறுகள் கூடும் யமசாகியில் வடிசாலை கட்டத் தொடங்கி, தகெத்ஸுருவை அதற்குப் பொறுப்பாக்கினார். தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்யூவின் குடில் என்று சொல்லப்படும் தாய்அன் அதே ஊரில்தான் இருக்கிறது. நல்ல தண்ணீர் எங்கே என்று தேநீர்க்காரருக்கும் விஸ்கிக்காரருக்கும் ஒரே மாதிரி மூக்கு வியர்த்திருக்கிறது.

1929-இல் முதல் விஸ்கி கடைக்கு வந்தது. புகை நாற்றம் அடிக்கிறது என்று ஜனங்கள் தொடவில்லை. தோரீ ஜப்பானிய நாக்குக்கு ஏற்ற மென்மையைத் தேடினார். தகெத்ஸுரு ஸ்காட்லாந்தின் புகையை விட மறுத்தார். இருவரும் பிரிந்தார்கள். தகெத்ஸுரு 1934-இல் குளிர் நாடான ஹொக்கைடோவின் யொய்ச்சியில் சொந்த வடிசாலை தொடங்கினார். பீப்பாயில் விஸ்கி முதிரும்வரை வயிற்றுக்கு வழி வேண்டுமே, அதுவரை ஆப்பிள் சாறு விற்றார். தோரீயின் நிறுவனம் இன்றைய சன்டோரி. தகெத்ஸுருவின் நிறுவனம் நிக்கா. யொய்ச்சியில் இன்றும் நிலக்கரி அள்ளிப் போட்டுத்தான் வடிகலனைச் சூடேற்றுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு வடிசாலை இன்னொன்றிடம் பீப்பாய் மாற்றி வாங்கிக் கலக்கும் வழக்கம் உண்டு. இந்த இரண்டு ஜப்பானிய நிறுவனங்களும் அப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொன்றும் தன் கூரைக்குள்ளேயே பலவிதக் கலன், பலவித ஈஸ்ட், பலவிதப் பீப்பாய் வைத்துப் பத்து வகை விஸ்கி செய்ய வேண்டியதாயிற்று. இன்றைய புகழுக்கு அந்த ஒட்டாமையும் ஒரு காரணம்.

இனிக் கசப்பான பாதி. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக விஸ்கி இறக்கி, ஜப்பானில் புட்டியில் அடைத்து, தூரிகை எழுத்தில் ஒரு முத்திரை ஒட்டி ‘ஜப்பானிய விஸ்கி’ என்று விற்பதைத் தடுக்க அங்கே நெடுங்காலம் எந்த விதியும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்துச் சரக்கே அப்படிச் சுற்றிவந்து, இரட்டை விலைக்குப் போனதுண்டு. 2021-இல்தான் தயாரிப்பாளர் சங்கம் தானே ஒரு வரையறை போட்டது: நொதிக்க வைப்பதும் வடிப்பதும் ஜப்பானில் நடக்க வேண்டும், தண்ணீர் அந்நாட்டுத் தண்ணீராக வேண்டும், மரப்பீப்பாயில் அங்கேயே மூன்று ஆண்டாவது இருக்க வேண்டும். பழைய முத்திரைகளுக்குக் கொடுத்த தவணை 2024 மார்ச்சோடு முடிந்தது. இது சட்டமன்று, சங்க உறுப்பினர்களை மட்டுமே கட்டும். விமான நிலையக் கடையில் அழகான புட்டியைத் தூக்குமுன் பின்பக்கச் சிறிய எழுத்தையும் பாருங்கள்.

சாக்கே வேறு உலகம். இதன் உயிர் ‘கோஜி’ என்ற பூசணம். வெந்த அரிசியில் அதைத் தூவி வளர்த்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில், ஒரே கலத்தில். அதனால்தான் வடிக்காமலே 20 விழுக்காடு வரை வீரியம் ஏறுகிறது. மிசோ, சோயா சாஸ் எல்லாம் இதே பூசணத்தின் பிள்ளைகள். நன்றி மறக்காத ஜப்பானிய மதுக் காய்ச்சல் கழகம் 2006-இல் கோஜியை நாட்டின் தேசியப் பூசணம் என்று அறிவித்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோவும் இந்தக் கைத்தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் ஏறினால் என்ன, வீட்டில் குடிப்பவர் குறைகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் எட்டிய உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இன்று விற்பதில்லை. பழியில் ஒரு பங்கு போர்க்காலத்துக்கு. அரிசிப் பஞ்சத்தில், சாக்கேயில் சாராயமும் சர்க்கரையும் ஊற்றி மூன்று மடங்காக்கி விற்கும் வழக்கம் வந்தது. பஞ்சம் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை; ஒரு தலைமுறைக்கே சாக்கே என்றால் தலைவலி என்றானது. மது வரி சுருங்குவதைப் பார்த்துக் கவலைப்பட்ட தேசிய வரித்துறை, 2022-இல் இளைஞர்களை மேலும் குடிக்க வைக்க யோசனை சொல்லுங்கள் என்று போட்டியே நடத்தியது. உலகம் வாயைப் பிளந்தது. மதுக்கடை வருமானத்தில் அரசு நடக்கும் ஊரிலிருந்து போகும் நமக்கு அவ்வளவு ஆச்சரியம் வராது.

வாங்கும்போது ‘ஜுன்மாய்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சாராயம் சேர்க்காதது என்று பொருள். அடுத்தவர் கோப்பையை நீங்கள் நிரப்புங்கள், உங்கள் கோப்பையை அவர் நிரப்புவார். இஸகாயா என்னும் சாராயக்கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள்; அது ‘ஒதோஷி’, உட்காரும் இடத்துக்கான கட்டணம் தின்பண்ட வடிவில் வருகிறது. குடிக்காதவர் கூசவும் வேண்டாம். ஜப்பானியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குச் சாராயத்தைச் செரிக்கும் நொதி ஒன்று பலவீனம். ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்துவிடும். அப்படியும் அலுவலக விருந்தில் மேலதிகாரி ஊற்றினால் குடித்தே ஆக வேண்டும் என்றிருந்த கொடுமைக்கு அங்கே இப்போது ‘அருஹரா’ என்று பெயர் வைத்துத் திட்டுகிறார்கள். அந்நாட்டின் எல்லாப் பழக்கமும் மெச்சத் தக்கதன்று.

இனிச் சாப்பாடு. குழுவில் சைவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும்தான் என்று சொல்லி வரும் கிண்ணத்திலும் மீன் இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். ஜப்பானியச் சமையலின் அடித்தண்ணீர் ‘தாஷி’. கொம்பு என்ற கடற்பாசியும் ‘கத்ஸுவோபுஷி’ என்ற உலர்ந்த மீன் சீவலும் போட்டு இறக்குவது. அந்தக் கடற்பாசித் தண்ணீரை ஆராய்ந்துதான் 1908-இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே ‘உமாமி’ சுவையைப் பிரித்துக் காட்டினார். கத்ஸுவோபுஷி என்ன மீன் தெரியுமா? சூரை. அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போல் உலர்த்தியது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் அதே சூரைதான், அதே வேலைப்பாடுதான். ஜப்பானியர் அதன்மேல் பூசணம் ஏற்றி இன்னும் இறுக்குவார்கள். அசைவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. சைவர்களோ, ‘தாஷி இல்லாமல்’ என்று எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு, புத்த மடத்துச் சமையலான ‘ஷோஜின்’ உணவைத் தேடிப் போவதே பாதுகாப்பு.

கறியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘கரே’ என்று அவர்கள் வாரந்தோறும் சாப்பிடும் கெட்டியான, இனிப்புச் சாயல் உள்ள குழம்பு நம்மிடமிருந்து நேரே போகவில்லை. பிரிட்டிஷ்காரர் டப்பாவில் அடைத்த கறிப்பொடி வழியாகப் போனது. ஜப்பானியக் கப்பற்படை 1908-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இடம் பிடித்தது. இன்றும் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். 1968-இல் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் ‘பான் கறி’ வந்தது. உங்கள் நாக்கில் முதல் கரண்டி ஏமாற்றமாகத்தான் இருக்கும். மூன்றாவது நாள் அதையே தேடுவீர்கள்.

நேரே போன கறி ஒன்றும் உண்டு. வைஸ்ராய் ஹார்டிங் பிரபு மேல் குண்டு வீசிய சதியில் தேடப்பட்ட வங்காளப் புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பினார். ஷிஞ்ஜுகுவின் நகமுராயா ரொட்டிக்கடைத் தம்பதியர் அவரை ஒளித்து வைத்தார்கள்; 1918-இல் அந்த வீட்டுப் பெண் தொஷிகோவையே மணந்தார். ஆங்கிலேயக் கறியைக் கறி என்று ஒப்புக்கொள்ளாத மருமகன், 1927-இல் அந்தக் கடையில் எலும்போடு கோழி போட்ட இந்தியக் கறியை அறிமுகம் செய்தார். காதலும் புரட்சியும் கலந்த சுவை என்று விளம்பரம் செய்து, நகமுராயா இன்றும் அதைப் பரிமாறுகிறது. பின்னாளில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் இவர் ஒப்படைத்த இயக்கத்தில்தான் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

பாட விருப்பமுள்ளவர்களுக்கு கராஓகே. ‘வெற்று இசைக்குழு’ என்பது சொல்லின் பொருள். 1971-இல் கோபே நகரில் மதுக்கடை வாத்தியக்காரர் இனோவே தாய்சுகே இந்தக் கருவியைச் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்க மறந்துவிட்டார், அல்லது மெனக்கெடவில்லை. அதற்கும் முன்பே, 1967-இல் நெகிஷி ஷிகேஇச்சி என்பவர் ஒன்று செய்திருந்தார். அவரும் காப்புரிமை வாங்கவில்லை. அறை எடுத்துப் பாடுங்கள். கதவு மூடியிருக்கும், யாருக்கும் கேட்காது.

இதெல்லாம் புதுசு, பழைய ஜப்பானாவது கலப்பில்லாததுதானே என்று கேட்பவர்கள் நாராவில் மானுக்குப் பிஸ்கட் போட்ட கையோடு தோதாய்ஜி கோயிலுக்குள் போகட்டும். அங்கே இருக்கும் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து சீனா போய், 736-இல் ஜப்பானில் கரையிறங்கிய துறவி. தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்ள, அவர் கண் வரைந்தார். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோஇன் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. ஜப்பானிய அரசவை இசையில் ‘ரின்யூகாகு’ என்றொரு பிரிவை, இன்றைய வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டிலிருந்து அவருடன் வந்த துறவியும் அவரும் கொண்டுவந்ததாக மரபு சொல்கிறது. கெய்ஷா படங்களில் பார்க்கும் ஷாமிசென் வாத்தியமும் சீனாவில் பிறந்து, ஒகினாவா வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். பாம்புத் தோலை மாற்றிப் பூனைத் தோல் போட்டார்கள்.

குழுவில் யாராவது ஒருவர் இந்நேரம், ‘ஓனோ சுசுமுவே சொல்லிவிட்டார், ஜப்பானிய மொழியே தமிழிலிருந்துதான்’ என்று ஆரம்பித்திருப்பார். ஓனோ பெரிய அறிஞர். இரு மொழிகளுக்கும் உறவு தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வாதத்தைப் புல்லட் ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள், லயனில் வேண்டாம்.

சந்தேகமில்லாத உறவு ஒன்று லயனிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. ஷிபுயாவின் ஸ்பெயின்ஸாகா சரிவில் சினிமா ரைஸ் என்ற திரையரங்கு இருந்தது. 1998-இல் அங்கே ‘முத்து’ வெளியானது, ‘ஆடும் மகாராஜா’ என்ற ஜப்பானியப் பெயரோடு. ஐந்து மாதத்துக்கும் மேலாக ஓடியது. குடை பிடித்தும் துண்டு சுழற்றியும் ரஜினிக்கு ஆடிய அந்த ரசிகர்களில் பலர் பிறகு தமிழ்நாடு வந்து போனார்கள். டோக்கியோவில் தென்னிந்தியச் சாப்பாட்டை ‘மீல்ஸு’ என்றே அழைத்து, சாம்பாரும் ரசமும் எந்த வரிசையில் பிசைய வேண்டும் என்று தங்களுக்குள் கற்றுக்கொடுக்கும் கூட்டம் இன்று உண்டு. அவர்களும் இரவல் வாங்கியதை முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தே சாப்பிடுகிறார்கள்.

ஆகவே, கியோட்டோவில் ஆறாவது கோயிலை விட்டுவிட்டு அந்தச் சாயங்காலத்தை ஷிபுயாவுக்குக் கொடுங்கள். முதலில் லயன், கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஒரு தட்டு முழுவதும் கேளுங்கள். பிறகு ஸ்பெயின்ஸாகாவுக்கு நடங்கள். சினிமா ரைஸை 2016-இல் மூடிவிட்டார்கள். முத்து ஆடிய கட்டடத்தில் இப்போது நேரடி இசை அரங்கம் நடக்கிறது. நுழைவுச் சீட்டோடு ஒரு பானத்துக்கும் தனியாகக் காசு வாங்குவார்கள்.